'ஓ-யூ-ஜி-எச்' வரும் ஆங்கிலச் சொற்கள்: ஒலியும் பொருளும் குழம்பாமல் கற்க முழுமையான வழிகாட்டி

ரஃப், காஃப், தோ, த்ரூ, ப்ளௌ, தரோ. இந்த ஆறு சொற்களும் முடிவது ஒரே நான்கெழுத்தில்தான்: ஓ-யூ-ஜி-எச். ஆனால் ஆறுக்கும் ஆறு ஒலி.

எழுத்தைப் பார்த்ததும் ஒலியைச் சொல்லிவிடும் விதி எதுவும் இதற்குக் கிடையாது. அதைத் தேடுவதில் நேரம் போக வேண்டாம். நல்ல செய்தி என்னவென்றால், அன்றாடம் எதிர்ப்படும் அடிப்படைச் சொற்கள் 25 அளவில்தான் இருக்கின்றன. அவற்றை ஒலி வாரியாகப் பிரித்து, சரியான வரிசையில் எடுத்தால் பத்து நாளில் முடித்துவிடலாம். பலரும் தடுமாறுவது சொற்கள் கடினம் என்பதால் அல்ல, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஒரே நாளில் மனப்பாடம் செய்யப் பார்ப்பதால்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, 25 சிறு அட்டைகள். அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையே போதும். வெற்றுப் பக்கம் உள்ளதாகப் பார்த்து நான்காக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒலியைக் கேட்க ஓர் அகராதி வேண்டும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதி இலவசம். சொல்லைத் தேடினால் பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். முதலிலிருந்து கடைசிவரை இரண்டில் ஒன்றையே கேளுங்கள். சில சொற்கள் இரண்டிலும் வேறு வேறாக ஒலிக்கும். மாற்றி மாற்றிக் கேட்டால், சரியாகக் கற்றதையே தவறோ என்று சந்தேகப்படுவீர்கள். இங்கே சொல்லியிருப்பது பிரிட்டிஷ் முறை.

அட்டையின் முன்பக்கம் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதுங்கள். பின்பக்கம் ஆங்கிலச் சொல், அதன் கீழே அது எந்த ஒலிக்கூட்டம் என்ற குறிப்பு. ஆங்கிலத்தை முன்னால் வைத்தால் கண் அடையாளம் காண்பதோடு நின்றுவிடும். பேசும்போதும் எழுதும்போதும் நமக்கு வேண்டியது பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் பழக்கம்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. இனி 'தொடர்' என்று வரும் இடமெல்லாம் ஓ-யூ-ஜி-எச் என்ற நான்கெழுத்தைக் குறிக்கும். 'டீ' என்றால் டேபிளின் முதலெழுத்து, 'டி' என்றால் டாக்டரின் முதலெழுத்து.

2. தொடரை ஒரே இழுப்பில் எழுதப் பழகுங்கள்

சொற்களுக்குப் போகுமுன், நோட்டில் ஒரு பக்கம் முழுக்கத் தொடரை மட்டும் எழுதுங்கள். கை நிற்காமல் நான்கும் ஒன்றாக வர வேண்டும்.

ஜி-எச் இடம் மாறி எச்-ஜி ஆவதும், கடைசி எச் விடுபடுவதும் புதியவர்கள் எல்லோரிடமும் வரும் பிழை. இந்த இரண்டு எழுத்தும் பல சொற்களில் ஒலிப்பதே இல்லை. அதனால் காது உதவிக்கு வராது. கை மட்டுமே நினைவு வைத்திருக்க வேண்டும்.

3. ஒலியைக் கணிக்க இரண்டே கேள்வி

புதிய சொல் ஒன்று எதிர்ப்பட்டால் முதல் கேள்வி: தொடருக்குப் பிறகு டீ இருக்கிறதா? இருந்தால் ஜி-எச் ஒலிக்காது. உயிரொலி 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் இடைப்பட்டது. கிரிக்கெட் பந்தைச் சொல்லும் 'பால்', சட்டத்தைச் சொல்லும் 'லா' ஆகியவற்றில் வரும் அதே ஒலி. நீங்கள் அடிக்கடி பார்க்கப் போகும் சொற்களில் இதற்கு ஒரே விலக்கு ட்ரௌட், அதாவது வறட்சி.

டீ இல்லையென்றால் இரண்டாம் கேள்வி: ஜி-எச் ஊமையா, 'ஃப்' ஆகிறதா? இதை அந்தந்தச் சொல்லோடுதான் கற்க வேண்டும். இவற்றுள் எதிலும் அது 'க்' என்று ஒலிக்காது என்பதை மட்டும் இப்போதே மனத்தில் வையுங்கள். 'தோக்', 'த்ரூக்' என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

4. முதல் அமர்வு: வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்

'ரஃப் நோட்டு', 'கொஸ்டின் பேப்பர் டஃப்', 'காஃப் சிரப்', 'இனஃப்'. இவற்றைப் பள்ளிக்கூடம் போன யாரும் சொல்லியிருப்பார்கள். தெரிந்த ஒலிக்குத் தெரியாத எழுத்தைப் பொருத்துவது எளிது என்பதால் இங்கே தொடங்க வேண்டும்.

ரஃப் (ஆர் + தொடர்): சொரசொரப்பான. தோராயமான. முரட்டுத்தனமான. கடலைப் பற்றிச் சொன்னால் கொந்தளிப்பான. 'ரஃப் எஸ்டிமேட்' என்பது தோராய மதிப்பீடு. 'ரஃப்லி' என்றால் ஏறத்தாழ.

டஃப் (டீ + தொடர்): கடினமான. எளிதில் உடையாத, உறுதியான. கறியைப் பற்றிச் சொன்னால் மெல்ல முடியாதபடி விறைப்பானது.

இனஃப் (இ-என் + தொடர்): போதுமான. இதில் இடம் முக்கியம். பெயர்ச்சொல் வந்தால் அதற்கு முன்னால்: 'இனஃப் மணி'. பண்பைச் சொல்லும் சொல் வந்தால் அதற்குப் பின்னால்: 'குட் இனஃப்'. தமிழில் 'போதுமான அளவு நல்ல' என்று 'போதுமான' முன்னால் வருவதால் 'இனஃப் குட்' என்று எழுதிவிடுகிறோம். அது பிழை.

காஃப் (சி + தொடர்): இருமல், இருமுதல். உயிரொலி மாறுவதைக் கவனியுங்கள். ரஃப், டஃப், இனஃப் மூன்றும் 'அஃப்'. இது வாய் சற்றுக் குவிந்து வரும் 'ஒஃப்'. தமிழில் 'காஃப்' என்று எழுதினாலும் நீட்ட வேண்டாம்.

ட்ராஃப் (டீ-ஆர் + தொடர்): இதுவும் காஃப் கூட்டம். மாடுகள் தண்ணீர் குடிக்கும் நீண்ட தொட்டி. இயற்பியலில் அலையின் முகடு, அகடு என்று படிப்போமே, அந்த அகடு. வானிலை அறிக்கையில் தாழ்வழுத்தம் நீளவாக்கில் படர்ந்திருக்கும் பகுதி. பொருள் மூன்றானாலும் எல்லாவற்றிலும் நீளமான ஒரு பள்ளம் இருக்கிறது.

இந்த அமர்வில் வரும் பிழை எழுத்தில் அல்ல, உதட்டில். மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வெளியேற வேண்டும். இரண்டு உதடும் மூடினால் ரஃப் 'ரப்' ஆகிவிடும். கேட்பவருக்கு அது தேய்ப்பதைக் குறிக்கும் வேறு சொல்லாகக் கேட்கும்.

5. இரண்டாம், மூன்றாம் அமர்வு: டீயில் முடியும் கூட்டம்

பெரும்பாலும் இவை வினைகளின் இறந்தகாலம். அதனால் தனியாகப் படிக்காமல் மூலவினையோடு சேர்த்தே படியுங்கள்.

பை (வாங்கு) என்பதன் இறந்தகாலம் பாட். ப்ரிங் (கொண்டுவா) என்பதற்கு ப்ராட். ஃபைட் (சண்டையிடு) என்பதற்கு ஃபாட். திங்க் (நினை) என்பதற்கு தாட். சீக் (தேடு, நாடு) என்பதற்கு சாட்.

இந்த ஐந்தும் ஓர் அமர்வு. ஐந்துக்கும் இறந்தகாலமும் 'ஹேவ்'வுக்குப் பின் வரும் வடிவமும் ஒன்றே என்பதால் மூன்றாவது வடிவம் என்று தனியாக எதையும் கற்க வேண்டியதில்லை.

பாட், ப்ராட் குழப்பம்தான் இந்தக் கூட்டத்திலேயே பெரியது. கடையில் வாங்கியதைச் சொல்ல வந்து 'கொண்டுவந்தேன்' என்று எழுதிவிடுவார்கள். எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். வழி எளிது: ப்ரிங்கில் ஆர் உண்டு, ப்ராட்டிலும் ஆர் உண்டு. பையில் ஆர் இல்லை, பாட்டிலும் இல்லை. எழுதும்போது மூலவினையை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

அடுத்த பிழை 'டிட் நாட் ப்ராட்'. 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலம் அதிலேயே முடிந்துவிட்டது. பின்னால் மூலவினைதான் வரும்: 'டிட் நாட் ப்ரிங்'. அந்தப் புதிய வடிவத்தைக் கற்ற உற்சாகத்தில் எல்லா இடத்திலும் அதைப் போடுவதால் இது வருகிறது.

மூன்றாவது பிழை கடைசி இரண்டெழுத்தில். எச்-டீ என்று முடிய வேண்டியதை டீ-எச் என்று முடிப்பது. ஆங்கிலத்தில் டீ-எச் எழுதி எழுதிக் கை பழகியிருப்பதுதான் காரணம். முதல் வாரம் அந்த டீயை மட்டும் வேறு நிறப் பேனாவால் எழுதுங்கள். தொடர் முடிந்தது, இப்போது டீ என்று கை ஒரு நொடி நிற்கும்.

உச்சரிப்பில் 'போட்' என்று வாயைக் குவித்துவிட வேண்டாம். அது படகு.

அடுத்த அமர்வில் மீதி மூன்று:

ஆட் (தொடர் + டீ மட்டும்): செய்வதுதான் முறை என்னும் பொருளில் வரும் துணைவினை. இதன் பின்னால் 'டு' கட்டாயம்: 'யூ ஆட் டு கோ'. 'ஷுட்' போலவே பொருள் என்பதால் 'டு'வை விட்டுவிடுகிறார்கள். ஷுட்டுக்கு 'டு' வேண்டாம், ஆட்டுக்கு வேண்டும்.

நாட் (என் + தொடர் + டீ): பூச்சியம். பிரிட்டிஷ் வழக்கு. கட்டம் போட்டு வட்டமும் பெருக்கல் குறியும் இடும் விளையாட்டுக்கு அங்கே 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' என்று பெயர். 'இல்லை' என்னும் குறுகிய 'நாட்' வேறு, இது நீண்டது.

ராட் (டபிள்யூ-ஆர் + தொடர் + டீ): அடித்து, செதுக்கி உருவாக்கிய. டபிள்யூ ஒலிக்காது. பெரும்பாலும் 'ராட் அயர்ன்' என்ற தொடரில்தான் பார்ப்பீர்கள். அது தேனிரும்பு.

'தாட்' பெயர்ச்சொல்லாகவும் வரும்: எண்ணம். அதிலிருந்து தாட்ஃபுல் என்றால் பிறரை எண்ணிப் பார்த்து நடக்கிற. 'ப்ராட் அப்' என்றால் வளர்த்தார்கள் அல்லது ஒரு பேச்சை எடுத்தார்கள். இந்த இரண்டையும் இப்போதே அட்டையில் சேர்க்கலாம். மற்ற கிளைச்சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

6. நான்காம் அமர்வு: தோ கூட்டம்

தோ (டீ-எச் + தொடர்), ஆல்தோ (ஏ-எல் சேர்த்து அதே சொல்), டோ (டி + தொடர்), ஃபர்லோ. நான்கிலும் ஜி-எச் ஊமை, ஒலி 'ஓ'.

தோ, ஆல்தோ இரண்டுக்கும் பொருள் 'இருந்தாலும்', 'என்றபோதிலும்'. வாக்கியத்தின் தொடக்கத்தில் இரண்டில் எதையும் போடலாம். ஆனால் வாக்கிய முடிவில் தோ மட்டுமே வரும்: 'இட்ஸ் காஸ்ட்லி, தோ'. விலை அதிகம்தான், இருந்தாலும் என்று இழுப்போமே, அந்த இடம். அங்கே ஆல்தோ வராது.

ஆல்தோவில் எல் ஒன்றுதான். 'ஆல்' என்பது இரண்டு எல் உள்ள சொல்லாயிற்றே என்று இரண்டு போடுகிறார்கள்.

மிகப் பரவலான இலக்கணப் பிழை: 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஹி வென்ட்'. மழை பெய்தாலும் ஆனால் போனான் என்பது தமிழிலும் உறுத்தும். இரண்டில் ஒன்றே போதும்: ஆல்தோ இருந்தால் பட் வேண்டாம், பட் இருந்தால் ஆல்தோ வேண்டாம்.

உச்சரிப்புக்கு நம் மொழியிலேயே உதவி இருக்கிறது. 'அது' என்று இயல்பாகச் சொல்லுங்கள். அந்த 'து'வில் நாக்கு பல்லை மெதுவாக உரசி, குரலோடு போகிறது. தோ, ஆல்தோ இரண்டுக்கும் அந்த மென்மையான ஒலிதான். முன்பு படித்த தாட், அடுத்து வரும் த்ரூ, தரோ மூன்றிலும் குரல் இல்லாமல் காற்று மட்டும் போக வேண்டும். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் வைத்து ஊதிப் பாருங்கள். தொண்டையில் கை வைத்தால் தோவுக்கு அதிரும், தாட்டுக்குத் தொடக்கத்தில் அதிராது.

டோ என்றால் பிசைந்த மாவு. இங்கே ஒரு கவனம் வேண்டும். தமிழில் மூன்றுக்கும் மாவு என்றே சொல்கிறோம்: அரைத்த உலர்மாவு, சப்பாத்திக்குப் பிசைந்தது, தோசைக்குக் கரைத்தது. ஆங்கிலத்தில் உலர்மாவு ஃப்ளோர், பிசைந்து உருட்டக்கூடியது டோ, ஊற்றக்கூடியது பேட்டர். இட்லி மாவை டோ என்று எழுதினால் படிப்பவர் கட்டியான உருண்டையைத்தான் நினைப்பார். டோநட்டில் முதலில் இருப்பது இதே டோ.

ஃபர்லோ என்பது தற்காலிக விடுப்பு. 2020இல் பெருந்தொற்றின்போது பிரிட்டனில் வேலை நீக்காமல் வீட்டில் இருக்கச் சொன்ன ஊழியர்களைக் குறிக்க இந்தச் சொல் நாள்தோறும் செய்தியில் வந்தது. நம் நாட்டுச் செய்திகளில் சிறைக் கைதிகளுக்குத் தரும் குறுகிய விடுப்பு என்ற பொருளில் பரோலுக்குப் பக்கத்தில் காணலாம்.

7. ஐந்தாம் அமர்வு: த்ரூ, தனியாக

த்ரூ (டீ-எச்-ஆர் + தொடர்): ஊடாக, வழியாக, மூலமாக. இதன் ஒலிக்கூட்டத்தில் வேறு அடிப்படைச் சொல் இல்லை. த்ரூஅவுட் (முழுவதும்), ப்ரேக்த்ரூ (பெரும் திருப்புமுனைக் கண்டுபிடிப்பு) எல்லாம் இதன் கிளைகளே.

ஒரே சொல்லுக்கு ஓர் அமர்வா என்று கேட்கலாம். தோவும் த்ரூவும் ஒரே நாளில் உள்ளே போனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிப்பது கற்பதைவிடக் கடினம். தோவுக்கென்று சொந்த வாக்கியம் ஒன்று மனத்தில் நின்ற பிறகே த்ரூவைத் தொடுங்கள், இடையில் குறைந்தது ஒருநாள் விட்டு.

த்ரூவின் கடைசியில் டீ சேர்ப்பது அடிக்கடி வரும் பிழை. டீ கூட்டத்தை நிறைய எழுதிய கை தானாகவே போட்டுவிடும். த்ரூ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினால், இல்லாத 'ட்' ஒலியைக் கை எழுதாது.

எறிந்தான் என்னும் பொருளில் 'த்ரோ'வின் இறந்தகாலமும் இதே ஒலிதான். ஆனால் அது இ-டபிள்யூவில் முடியும். வாக்கியப் பொருள்தான் எது என்று சொல்லும்.

அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளியும் சேர்த்தி. வேலை அறிவிப்புகளைப் படிப்பவர்களுக்கு இது பயன்படும்.

8. ஆறாம் அமர்வு: 'ஔ' கூட்டம்

ப்ளௌ: கலப்பை, உழுதல். பௌ: மரத்தின் பெரிய கிளை. ட்ரௌட் (டி-ஆர் + தொடர் + டீ): வறட்சி. மூன்றையும் ஒரே வயல் காட்சியில் வைத்துவிடலாம் என்பதால் நினைவில் நிற்பதில் சிக்கல் இல்லை. 'கௌரி'யில் வரும் 'ஔ' ஒலி.

ட்ரௌட்டை 'ட்ராட்' என்று வாசிப்பது வழக்கமான பிழை. மூன்றாம் படியில் சொன்ன டீ விதியை நம்பியதால் வருவது. இந்த ஒரு அட்டையின் மூலையில் சிவப்பில் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

9. ஏழாம் அமர்வு: தரோ, பரோ

'பாடத்தைத் தரோவா படிச்சிட்டேன்' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். தரோ (டீ-எச்-ஓ-ஆர் + தொடர்): ஒன்றும் விடாத, முழுமையான, நுணுக்கமான. இந்தச் சொல்லில் தொடருக்கு முன்னாலும் ஓர் ஓ இருக்கிறது. அதை விட்டால் த்ரூ ஆகிவிடும்.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் கடைசி ஒலி மிகவும் தேய்ந்து 'தர' என்பதோடு நிற்கும். அமெரிக்கர்கள் 'தரோ' என்று முழுதாகச் சொல்வார்கள். தமிழர் வாயில் இருப்பது இரண்டாவதற்கு நெருக்கம். அதை மாற்ற மெனக்கெட வேண்டாம், எழுத்தில் மட்டும் கவனம் இருந்தால் போதும்.

பரோ: நகரத்தின் ஆட்சிப் பிரிவு. நியூயார்க்கில் 5 உண்டு: மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட். லண்டனில் 32. கடன் வாங்குவதைச் சொல்லும் 'பாரோ' டபிள்யூவில் முடிவது, அது வேறு சொல்.

10. ஏணிச் சோதனை

இப்போதுதான் உருவத்தில் நெருங்கிய சொற்களை ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு வெற்றுத் தாளில், ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்து மேலே போங்கள்:

டீ + தொடர்: டஃப், கடினமான.
எச் சேர்த்தால்: தோ, இருந்தாலும்.
ஆர் சேர்த்தால்: த்ரூ, ஊடாக.
எச்-சுக்கும் ஆருக்கும் நடுவில் ஓ சேர்த்தால்: தரோ, முழுமையான.

கீழே இறங்கி வந்து, தோவின் கடைசியில் டீ சேர்த்தால் தாட், எண்ணம். டஃப்பின் நடுவில் ஆர் சேர்த்தால் ட்ராஃப், தொட்டி.

ஒவ்வொரு படியிலும் சொல்லைச் சத்தமாகச் சொல்லி, பொருளையும் தமிழில் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து கூடியதும் ஒலியும் பொருளும் எப்படி மாறுகின்றன என்பதை வாயும் கையும் ஒரே நேரத்தில் உணரும். இதை முதல் நாளே செய்ய ஆசை வரும். அப்போது செய்தால் ஆறும் ஒரே குழம்பாகிவிடும். தனித்தனியாக நின்ற சொற்களைச் சோதிக்கத்தான் இந்த ஏணி.

எங்கே தடுக்கிறதோ அந்தச் சொல்லின் அட்டையை மட்டும் அதன் அமர்வுக்குத் திருப்பி அனுப்புங்கள். முழு ஏணியையும் மறுபடி ஏற வேண்டாம்.

11. ஓவுக்குப் பதில் ஏ வரும் உறவினர்கள்

ஏ-யூ-ஜி-எச் என்று இன்னொரு தொடர் உண்டு. காட் (பிடித்தேன்), டாட் (கற்பித்தேன்), டாட்டர் (மகள்), நாட்டி (குறும்பான), ஸ்லாட்டர் (வெட்டிக் கொல்லுதல்). ஒலி பாட், ப்ராட் போலவே. அதனால் 'காட்'டை ஓ போட்டு எழுதுவது மிகச் சாதாரணம்.

இதற்கு நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. மூலவினையில் ஏ இருக்கிறதா என்று பாருங்கள். கேட்ச், டீச் இரண்டின் எழுத்திலும் ஏ உண்டு. இறந்தகாலத்திலும் ஏ. பை, ப்ரிங், ஃபைட், திங்க், சீக் ஐந்திலும் ஏ இல்லை. இறந்தகாலத்தில் ஓ. ஏழு வினைக்கும் இது தவறாது.

தாட், டாட் இரண்டையும் குழப்புபவர்களுக்கும் இதே வழிதான். தமிழெழுத்தில் ஒரு கோடு வித்தியாசமாகத் தெரிந்தாலும் அவசரத்தில் எழுதும்போது டீ, ஓ-யூ-ஜி-எச், டீ என்று எந்த அகராதியிலும் இல்லாத ஒரு கலவை வந்துவிடும். நினைத்தேன் என்றால் டீக்குப் பின் எச், கற்பித்தேன் என்றால் டீக்குப் பின் ஏ.

லாஃப் (சிரி), லாஃப்டர் (சிரிப்பு), ட்ராஃப்ட் (சன்னல் இடுக்கில் நுழையும் குளிர்காற்று, பிரிட்டிஷ் எழுத்து) மூன்றிலும் 'ஃப்' ஒலிக்கும். ட்ரௌட்டையும் ட்ராஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரெழுத்துதான் வேறு.

12. அபூர்வமானவை: பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்

ஸ்லௌ என்றால் சேற்றுநிலம். லண்டனுக்கு மேற்கே இதே பெயரில் ஒரு நகரமும் இருக்கிறது. அதே எழுத்து 'ஸ்லஃப்' என்று ஒலித்தால் பாம்பு சட்டை உரிப்பது. மருத்துவத்தில் புண்ணிலிருந்து பிரியும் இறந்த திசுவும் இதுதான். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்பதால் அட்டையும் இரண்டு.

விக்கலுக்கு 'ஹிக்கப்' என்பதே வழக்கமான எழுத்து. பழைய புத்தகங்களில் அதைத் தொடரில் முடித்திருப்பார்கள், இருமலோடு தொடர்புபடுத்தி. ஆனால் வாசிப்பது ஹிக்கப் என்றுதான், 'ஹிக்காஃப்' அல்ல. நீங்கள் எழுதும்போது யூ-பி போட்டே எழுதுங்கள்.

13. எழுதிப் பார்க்கும் முறை

வீட்டில் யாராவது ஒருவர் அட்டையைப் பார்த்துத் தமிழ்ப் பொருளைச் சொல்ல, நீங்கள் ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டும். ஆங்கிலச் சொல்லையே வாசிக்கச் சொல்லாதீர்கள். த்ரூ என்று வெறுமனே வாசித்தால் எந்த த்ரூ என்று தெரியாது. உங்கள் சோதனை காதுக்கானதாகிவிடும், பொருளுக்கானதாகாது.

ஓர் அமர்வு 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கற்றதை மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். மூன்று முறையும் சரியாக வந்த அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

கடைசியாக வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு மாதிரி: 'தோ ஹி ஹேட் எ பேட் காஃப், ஹி ப்ளௌட் த்ரூ த ரஃப் ஃபீல்ட்'. மோசமான இருமல் இருந்தும், கரடுமுரடான வயலை உழுது முடித்தான். ஐந்து தொடர்ச்சொல், ஐந்து ஒலி. ('ப்ளௌ'வின் இறந்தகாலத்துக்கு வழக்கமான இ-டி சேர்த்தாலே போதும்.) இதைப்போல் உங்களுடைய அன்றாட வேலையிலிருந்து நான்கைந்து வாக்கியம் அமைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய வாக்கியத்தைவிட அவை நெடுநாள் நிற்கும்.

கைபேசியில் எழுதிப் பழகுவதைத் தவிர்க்கலாம். முதல் மூன்றெழுத்தைத் தட்டியதும் அதுவே த்ரூ, தோ, தரோ என்று நீட்டும். தவறானதைத் தொட்டாலும் சிவப்புக் கோடு வராது.

14. அமெரிக்கச் சுருக்கங்கள்

ப்ளௌவை அமெரிக்காவில் ஓ-டபிள்யூவில் முடிப்பதே முறையான எழுத்து. ட்ராஃப்ட்டையும் அங்கே ஏ-எஃப்-டீ என்று முடிப்பார்கள். இவை இரண்டும் பிழையல்ல, ஒரு கட்டுரையில் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் சரி.

டோநட்டின் குறுகிய எழுத்து கடைப் பலகைகளில் பரவி, இன்று அகராதியிலும் இருக்கிறது. டீ-எச்-ஆர்-யூ என்னும் த்ரூ சாலைப் பலகைக்கும், வண்டியிலிருந்தபடியே வாங்கும் உணவகப் பலகைக்கும், டீ-எச்-ஓ என்னும் தோ குறுஞ்செய்திக்கும் உரியவை. தேர்வுத்தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் இவற்றை எழுதினால் பிழையாகத்தான் எண்ணுவார்கள்.

இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள் தனிக் கணக்கு. ஸ்கார்பரோ தொடரில் முடிகிறது. மிடில்ஸ்பரோவும் அப்படியே, ஆனால் அதில் ஆருக்கு முன்னால் ஓ கிடையாது. எடின்பரோ ஸ்காட்லாந்து ஊர். ஒலி கிட்டத்தட்ட இதே மாதிரி இருந்தாலும் அதன் முடிவு யூ-ஆர்-ஜி-எச். ஊர்ப்பெயரை ஒலியை நம்பி எழுதாமல், வரைபடத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.